மூன்றாம் மாடி

அளவெட்டியில் ஒரு பூங்காவனத் திருவிழா.
ஜெனரேட்டர் ஒருக்காச் செருமிவிட்டு நின்றது.
பாட்டுக்காரி பல்லவியின் நடுவில்,
கீபோர்ட்காரன் கட்டையில் வைத்த விரலோடு.
நான் மட்டும் இருட்டுக்குள்
செத்துப்போன மைக்கைப் பிடித்தபடி
கதைக்கத் தொடங்கினேன்.

என்ன கதைத்தேன் என்று இப்ப கேட்டால் தெரியாது.
செருப்பைத் தொலைத்தவர்கள், மாமியைத் தொலைத்தவர்கள்,
ஐஸ்பழ வானுக்குப் பின்னால் நின்று
கலியாணம் பேசி முடித்த ஒரு சோடி,
இல்லாத ஆட்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தினேன்.
பதினெட்டு நிமிஷம்.
எட்டாயிரத்துக்கு எடுத்த நீலச் சேலையை
ஒருத்தரும் பார்க்கவில்லை.
இருட்டே குலுங்கிற மாதிரிச் சனம் சிரித்தது.
டீசல் வந்து லைற் எரிந்தபோது
முன்வரிசையில் ஒரு பெடியன்
"இவவோ?" என்றான்.

கச்சான் உரித்தபடி நின்றவர் றெஜினோல்ட்,
சுண்டுக்குளியில் ஒலிப்பதிவு அறை வைத்திருப்பவர்.
"முகமில்லாமல் கதைக்கத் தெரியுது உமக்கு.
திங்கட்கிழமை வாரும்."
முகத்தைப் பற்றித்தான் ஏதும் சொல்கிறாரோ என்று
ஞாயிறு முழுக்க யோசித்தேன்.

அறை என்றால்
முட்டை மட்டை ஒட்டிய அலுமாரி.
வளையலைக் கழற்று. காற்றாடியை நிற்பாட்டு.
காலமைச் சாப்பாட்டை வயிறு மறக்கும்வரை பொறு.
முதல் நாள் நல்லெண்ணெய் விளம்பரம்.
வணக்கம் சொல்லும்போதே
வலது கை தானாக எழும்பிச் சுவரில் அடித்தது.
பகிடி வரி ஒன்று. சொல்லிவிட்டு நின்றேன்
வழக்கம்போல, சிரித்து முடிக்கட்டும் என்று.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் றெஜினோல்ட்
அந்த இரண்டு செக்கனை மவுஸால் பிடித்து
வெட்டி எறிந்தார்.

பிறகு வேலை வந்தது.
நகைக்கடை, நீர்ப்பம்பு, ரியூசன் கொட்டில்,
ஓட்டோவில் கட்டி ஊரெல்லாம் ஓடும் மரண அறிவித்தல்.
காரைநகரைப் பிறப்பிடமாகவும்
ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி,
அன்புக் கணவரும் பாசமிகு தந்தையும் தாண்டி
தகனக்கிரியை நேரத்துக்கு வந்து சேர
ஒரு மூச்சுக் காணாது.
சகலனுக்கு முன்னால்
களவாய் ஒன்று எடுப்பேன்.
துண்டுக்கு ஆயிரத்தைந்நூறு.
மேடையை விட்டுவிட்டேன் என்று ஆரோ கதை கட்டினார்கள்.
விடவில்லை. வெள்ளி இரவுகளில்
வான் வந்து ஹோர்ன் அடிக்கும்.

ஆஸ்பத்திரி லிப்ட்டுக்கு மட்டும்
ஒரு பின்னேரம் முழுக்கப் போனது.
ஏழு வசனம். நாற்பத்தொரு தரம்.
மூன்றாம் மாடி என்று நான் சொன்னால்
அடுத்ததாய் ஆரோ பாட வரப்போகிற மாதிரி இருந்ததாம்.
"ஒருத்தரையும் மேடைக்குக் கூப்பிடாதேயும்.
வருத்தக்காரர் இறங்கவேணும், அவ்வளவுதான்."

மாசியில் எங்கள் ட்றம்ஸ்காரன் பத்மசீலன்
மேடைப் பலகை விலகி விழுந்து கால் முறிந்தான்.
மீன் சூப்பைப் பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு போனேன்.
லிப்ட்டுக்குள் எக்ஸ்ரே உறையோடு ஒருவர்,
சாப்பாட்டுக் கரியரோடு ஒரு மனிசி,
அவவின் மகன், பத்து வயது இருக்கும்.
"இது எத்தினையாம் மாடி?" மகனைக் கேட்டா.
அவன் போனுக்குள் இருந்தான்.

மூன்றாம் மாடி
என்றேன் நான், கூரையிலிருந்து.

கதவு திறக்க முதல் ஓர் இடைவெளி.
ஒன்று. இரண்டு.
இதை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார் மனுசன்.
அந்த மனிசி நிமிர்ந்து
ஓட்டை போட்ட சின்னத் தகட்டைப் பார்த்து
"ஓம் பிள்ளை" என்றா.

சூப் கசிந்து சேலையில் இறங்கிக்கொண்டிருந்தது.
அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.
ஏதோ சொல்லத்தான் நானும் தொண்டையைச் செருமினேன்.
கதவுகள் மூடப்படுகின்றன என்று
மேலே சொல்லிக் கேட்டபோது
நான் இன்னும் உள்ளேதான் நின்றேன்.